கிறிஸ்மஸுக்கு மூணாம் நாள்

ராயபுரத்துக்கு அந்தப் பேர் எப்படி வந்துச்சுன்னு எங்க ஏரியாவுல யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "இராயப்பர் கோயில் இருக்குல்ல, அதான் ராயபுரம்." இராயப்பர்னா பேதுரு. கலிலேயாக் கடல்ல வலை வீசிக்கிட்டு இருந்தவர். அவர் பேர்ல 1829ல இங்க கோயில் கட்டினவங்க பெரிய துரைமாரோ வியாபாரிகளோ இல்லை. படகோட்டிகள்.

அந்தக் காலத்துல மெட்ராஸுக்குத் துறைமுகமே கிடையாது. கப்பலெல்லாம் தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும். ஆளையும் சரக்கையும் அலையைத் தாண்டிக் கரைக்குக் கொண்டு வர்றதுக்கு மசூலாப் படகுகள்தான். பலகையை ஆணி அடிக்காம கயித்தால தைச்சுச் செய்வாங்க. அப்பதான் அலை மோதினாலும் நெளிஞ்சு கொடுக்கும், உடையாது. அந்தப் படகை ஓட்டின கிறிஸ்தவக் குடும்பங்கள் கட்டின கோயில் இது. யோசிச்சுப் பாத்தா அவங்க ஏன் இராயப்பரைத் தேர்ந்தெடுத்தாங்கன்னு புரியும். பைபிள்ல கடல் மேல நடக்கப் போய், பாதியில பயந்து, முங்கிப் போறப்ப "காப்பாத்துங்க"ன்னு கத்தின ஆள் அவர்தான். தினமும் அலையைத் தாண்டிப் பொழைச்சவங்களுக்கு அதைவிட நெருக்கமான சாமி யாரு இருக்க முடியும்?

இந்தப் பதிவு இராயப்பர் கோயில் வரலாறு இல்லைங்க. துக்கத்துல இருக்கிற வீட்டுக்குக் கிறிஸ்மஸ் வந்தா என்ன ஆகும்ங்கிறதுதான் விஷயம். ஆனா அதை வடசென்னைக் கடல்ல இருந்து ஆரம்பிக்கிறதுதான் சரின்னு தோணுச்சு. ஏன்னா கிறிஸ்மஸ்ங்கிற பண்டிகை நம்ம கடற்கரைக்கு வந்து சேர்ற நேரம் அப்படி.

கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டையில பனி கொட்டும், மான் வண்டி இழுக்கும். நம்ம ஊர்ல டிசம்பர்னா வடகிழக்குப் பருவமழையோட கடைசி கட்டம், புயல் மாசம். கொஞ்சம் கணக்கு எடுத்துப் பாருங்க. 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியைப் புயல் அழிச்சது. நூத்துக்கும் மேற்பட்ட பயணிகளோட ஒரு ரயிலே கடலுக்குள்ள போச்சு. கிறிஸ்மஸுக்கு மூணே நாள். கூரை போன அந்த ஊர்க் கோயிலோட சுவரை இன்னைக்கும் போறவங்க வர்றவங்க போட்டோ எடுத்துட்டுத்தான் இருக்காங்க. 2015 டிசம்பர் முதல் வாரம் சென்னை வெள்ளம். 2016 டிசம்பர் 12 வர்தா. 2017 நவம்பர் 30 ஒக்கி. 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம். எல்லாமே குடில் கட்ட ஆரம்பிக்கிற நேரம், இல்லைன்னா நட்சத்திரம் வாங்கக் கடைக்குப் போற நேரம்.

இதுக்கெல்லாம் மேல 2004 டிசம்பர் 26.

அது ஞாயித்துக்கிழமை. நம்ம நேரப்படி காலையில ஆறரை மணி வாக்குல சுமத்ரா பக்கத்துல கடலுக்கடியில நிலநடுக்கம். ரிக்டர்னு நாம பொதுவா சொல்ற அந்த அளவுல 9.1. சென்னைக்கு அலை வந்து சேர்ந்தது ஏறக்குறைய ஒன்பது மணிக்கு. தமிழ்நாட்டுல மட்டும் ஏறக்குறைய 8,000 பேர் போனாங்க. அதுல நாகை மாவட்டம் மட்டுமே ஆறாயிரத்துக்கு மேல. சென்னையில அரசாங்கக் கணக்குப்படி 206 பேர். காசிமேட்டுல படகு மேல படகு ஏறி நொறுங்கிக் கிடந்தது. ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் குப்பத்து ஜனங்க பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு மேற்கால ஓடினாங்க. எனக்கு அப்போ விவரம் தெரிஞ்சும் தெரியாத வயசு. எல்லாரும் ஓடினது மட்டும் ஞாபகம் இருக்கு.

இப்ப நான் சொல்ல வர்ற விஷயத்தைக் கொஞ்சம் கவனமா படிங்க. கத்தோலிக்கக் கோயில்கள்ல எந்த நாளைக்கு எந்த வாசகம்னு ஒரு அட்டவணை இருக்கு. உலகம் முழுக்க ஒண்ணுதான். மூணு வருஷத்துக்கு ஒரு சுத்து. கிறிஸ்மஸுக்கு அடுத்து வர்ற ஞாயிறு திருக்குடும்பத் திருவிழா. 2004ல அது டிசம்பர் 26. அந்த வருஷச் சுத்துப்படி அன்னைக்கு வாசிக்க வேண்டிய நற்செய்தி மத்தேயு இரண்டாம் அதிகாரம். சூசையப்பருக்குக் கனவுல எச்சரிக்கை வருது. குழந்தையையும் தாயையும் கூட்டிக்கிட்டு ராவோட ராவா எகிப்துக்கு ஓடிடுறார். ஏரோது செத்த பிறகு திரும்பி வர்றார்.

அதாவது, நம்ம கடலோரக் கோயில்கள்ல ஞாயித்துக்கிழமை காலைப் பூசைக்கு வந்தவங்க கேட்ட கதை, ஒரு குழந்தையைத் தூக்கிக்கிட்டு உயிர் தப்பி ஓடின கதை. அதே காலையிலதான் கடல் வந்துச்சு.

இதுல இன்னொரு விஷயமும் இருக்கு. அந்த ஞாயிறு வாசகத்துல நடுவுல மூணு வசனம் கிடையாது. 15ல நிறுத்தி 19ல தொடர்வாங்க. விட்டுப்போன 16, 17, 18ல என்ன இருக்கு? ஏரோது ஆள் அனுப்பி பெத்லகேம்ல இரண்டு வயசுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகளை எல்லாம் கொன்னது. ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுதாள், யார் தேத்தினாலும் தேறலைன்னு எரேமியா சொன்னதை மத்தேயு அங்க எடுத்துப் போடுறார். குடும்பத் திருவிழா அன்னைக்கு இது வேண்டாம்னு நினைச்சாங்களோ என்னவோ. ஆனா அந்த மூணு வசனத்தை அட்டவணை தூக்கி எறிஞ்சுடலை. டிசம்பர் 28ம் தேதிக்குன்னு வச்சிருக்கு. அன்னைக்கு மாசில்லாக் குழந்தைகள் திருவிழா. 2004ல அந்தச் செவ்வாய்க்கிழமை, நாகையிலயும் கன்னியாகுமரியிலயும் குழி வெட்டிக் கூட்டங்கூட்டமாப் புதைச்சுக்கிட்டு இருந்தப்ப, உலகம் பூரா கோயில்கள்ல வாசிச்சது பிள்ளைகளை இழந்த தாய்மாரோட அழுகையைத்தான்.

யாரும் சுனாமிக்காகத் தேடி எடுத்த வாசகம் இல்லை அது. டிசம்பர் 28ல இந்தத் திருவிழா ஏறக்குறைய ஆயிரத்து ஐநூறு வருஷமா இருக்கு. கி.பி. 5ஆம் நூற்றாண்டு முடியறதுக்குள்ளயே ரோமாபுரியில கொண்டாடப்பட்டதுக்கு ஆதாரம் இருக்கு.

ஒரு வரலாற்றுக் குறிப்பையும் சொல்லிடறேன். இந்தக் கொலை பத்தி மத்தேயுவைத் தவிர வேற யாரும் எழுதலை. ஏரோது பண்ணின அக்கிரமத்தையெல்லாம் பட்டியல் போட்ட ஜோசிபஸ்கூட இதைச் சொல்லலை. அதனால நடந்ததான்னு சந்தேகப்படுற ஆய்வாளர்கள் நிறைய. நடந்திருந்தாலும் பெத்லகேம் ரொம்பச் சின்ன ஊர், ஒரு இருபது குழந்தைக்குள்ளதான் இருந்திருக்கும்ங்கிறது பொதுவான கணிப்பு. ஆனா கிழக்குத் திருச்சபை வழிபாட்டுல அந்த எண்ணிக்கை 14,000 ஆயிடுச்சு! முதல்ல படிச்சப்ப சிரிப்பு வந்துச்சு. அப்புறம் வரலை. ஒரு தாய்க்கு ஒரு பிள்ளை போனா அது ஒண்ணா? 206ங்கிற அரசாங்கக் கணக்கு பட்டினப்பாக்கத்திலயோ காசிமேட்டிலயோ ஒரு வீட்டுக்குள்ள போறப்ப என்ன எண்ணா மாறும்? 14,000னு எழுதினவனுக்கு அது தெரிஞ்சிருக்கும்.

இன்னொரு பழைய வழக்கம் என்னை இன்னும் ஆச்சரியப்படுத்துச்சு. பூசையில சாமியார் போடுற திருவுடைக்கு நாளுக்கு ஒரு நிறம் உண்டு. கிறிஸ்மஸ் காலம்னா வெள்ளை. வேதசாட்சிகள் திருநாள்னா சிவப்பு. ஆனா பல நூற்றாண்டு காலம், மாசில்லாக் குழந்தைகள் திருவிழாவுக்கு மட்டும் ஊதா. தவக்காலத்துல, துக்கத்துல போடுற நிறம். அதோட அன்னைக்கு "வானவர் கீதம்" பாட மாட்டாங்க. எது? கிறிஸ்மஸ் ராத்திரி வானதூதர்கள் பாடினதா லூக்கா எழுதின அதே பாட்டு! கிறிஸ்மஸுக்கே உரிய பாட்டை, கிறிஸ்மஸ் முடிஞ்ச மூணாம் நாள் நிறுத்தி வச்சாங்க. எதுக்குன்னா, அந்தத் தாய்மாரோட துக்கத்துல நாமும் கூட நிக்கணும்னுதான். இப்படி ஒரு விளக்கம் 9ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வச்சிருக்காங்க. 1960களோட ஆரம்பத்துல வழிபாட்டு விதிகளைத் திருத்தினப்ப நிறம் சிவப்பாச்சு, பாட்டும் திரும்பி வந்துச்சு. அந்தக் குழந்தைகள் வேதசாட்சிகள், அவங்க வெற்றியைக் கொண்டாடணும்ங்கிறது நியாயமான காரணம்தான். ஆனாலும் அந்த ஊதாவை எடுத்திருக்க வேண்டாமோன்னு எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு.

இதெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் எங்க வீடு. 2022 நவம்பர்ல அப்பா தவறிட்டார். நம்ம ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சாவு விழுந்த வீட்ல அந்த வருஷம் பண்டிகை கிடையாது. தீபாவளி, பொங்கலுக்கு மட்டும் இல்ல, கிறிஸ்மஸுக்கும் அதேதான். வாசல்ல நட்சத்திரம் கட்டலை. குடில் வைக்கலை. கலகலா, முறுக்குன்னு எண்ணெய்ச் சட்டியே அடுப்புல ஏறலை. கேரல் பாட வந்த பசங்க எங்க தெருமுனையிலயே டிரம்மை நிறுத்திட்டு, வாசல்ல நின்னு மெதுவா ஒரு பாட்டு பாடி, ஜெபம் பண்ணிட்டுப் போனாங்க. பக்கத்து வீட்டு அக்கா, அவங்க அம்மன் கோயிலுக்குப் போறவங்க, "எண்ணெய்ச் சட்டி வைக்காத வீட்டுக்கு நாங்கதானே கொண்டாரணும்"னு தூக்குல பலகாரம் கொண்டுவந்து வச்சாங்க.

கிறிஸ்மஸ் ராத்திரிப் பூசைக்கு அம்மா வந்தாங்க. ஒரு சொட்டு கண்ணீர் விடலை. அத்தனை பேர் புதுத்துணி போட்டுக்கிட்டு நிக்கிற இடத்துல தன்னோட அழுகை அபசகுனம் ஆயிடுமோன்னு பயம். பூசை முடிஞ்சு எல்லாரும் கை குலுக்கி "ஹேப்பி கிறிஸ்மஸ்" சொன்னப்ப, அம்மாவும் சொன்னாங்க. வீட்டுக்கு வந்ததும் ஒண்ணும் பேசாம படுத்துட்டாங்க. என்னைக் கேட்டா, துக்க வீட்டுக்குப் பண்டிகை பண்ற கொடுமை அதுதான். துக்கத்துல இருக்கிறவங்களே மத்தவங்க சந்தோஷத்துக்குக் காவல் நிக்க வேண்டியிருக்கு.

28ம் தேதி புதன்கிழமை. காலைப் பூசைக்கு அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போனேன். வார நாள், மொத்தம் இருபது பேர் இருந்திருப்பாங்க. சாமியார் அந்த மூணு வசனத்தை வாசிச்சார். ராகேல் அழுத இடம் வந்ததும் அம்மா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாங்க. அப்புறம் அதையும் எடுத்துட்டாங்க. நல்லா அழுதாங்க. முன் வரிசையில ஒரு பாட்டி திரும்பிப் பாத்துட்டு, எழுந்து வந்து பக்கத்துல உக்காந்துக்கிட்டாங்க. ஒரு வார்த்தை பேசலை. வீட்டுக்கு வந்து அம்மா காபி போட்டாங்க. அப்பா போனதுக்கப்புறம் அவங்களாவே அடுப்படிக்குப் போனது அன்னைக்குத்தான்.

அம்மாவுக்கு அந்த வாசகம் ஆறுதல் கொடுத்துச்சுன்னு சொல்லலாமா? அந்த வாசகமே "ஆறுதல் பெறலை"ன்னுதான் சொல்லுது! எரேமியா புத்தகத்துல அதுக்கு அடுத்த வசனத்திலேயே அழுகையை நிறுத்து, உன் பிள்ளைகள் திரும்பி வருவாங்கன்னு ராகேலுக்கு வாக்கு வருது. மத்தேயு அதை எடுத்துப் போடலை. அழுகையோட நிறுத்திட்டார். எனக்கு இது பெரிய விஷயமாப் படுது. சமாதானம் சொல்ல அடுத்த வரி கையில தயாரா இருக்கு, ஆனாலும் அவர் சொல்லலை. துக்க வீட்டுக்குப் போறவங்க எல்லாரும் கத்துக்க வேண்டிய நாகரிகம் அது.

ராகேல் யாருன்னும் சொல்லணும். ஆதியாகமத்துல பிள்ளை பெத்துட்டு வழியிலேயே செத்துப்போன பொண்ணு. புதைச்ச இடம் பெத்லகேமுக்குப் போற வழி. அதாவது மாட்டுத்தொழுவம், இடையர், நட்சத்திரம் எல்லாம் வர்றதுக்கு ரொம்பக் காலம் முன்னாடியே பெத்லகேம் பக்கத்துல ஒரு தாயோட கல்லறை இருந்துச்சு. கிறிஸ்மஸ் கதை நடந்த இடமே சாவு தெரிஞ்ச இடம்தான்.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. சூசையப்பருக்குக் கனவு வந்துச்சு சரி, பெத்லகேம்ல மத்த அப்பாக்களுக்கு ஏன் வரலை? இது மதத்தைக் கிண்டல் பண்றவங்க கேக்குற கேள்வி மட்டும் இல்லை. சுனாமிக்கப்புறம் நம்ம ஜனங்க கேட்டது. வேளாங்கண்ணியில பேராலயத்துக்குள்ள தண்ணி போகலைன்னு பலர் புதுமையாச் சொன்னாங்க. அதே நேரம் கிறிஸ்மஸுக்கு வந்து கடற்கரையில நின்ன யாத்ரீகர்கள் நூத்துக்கணக்குல செத்துப் போனாங்க. கோயிலுக்குள்ள இருந்தவங்களுக்குப் புதுமை. கரையில பிள்ளையை விட்டவங்களுக்கு அந்த வார்த்தை எப்படிக் கேட்டிருக்கும்?

இதுக்குத் தர்க்கமா ஒரு பதில் என்கிட்ட இல்லை, யார்கிட்டயும் இருக்குமான்னும் தெரியலை. கிறிஸ்தவம் பதிலாச் சொல்றது ஒரு கதையோட மீதியைத்தான். எகிப்துக்குத் தப்பிச்ச அந்தக் குழந்தை கடைசி வரைக்கும் தப்பிக்கலை. வளர்ந்து, திரும்பி வந்து, எருசலேம்ல அரசாங்கத்தாலேயே கொல்லப்பட்டது. அன்னைக்குப் பெத்லகேம் தாய்மார் நின்ன இடத்துல, முப்பது சொச்சம் வருஷம் கழிச்சு, தப்பிச்ச குழந்தையோட தாயும் நின்னாங்க. மாதா பேர்ல நம்ம கடலோரம் முழுக்கக் கோயில் இருக்கிறதுக்கும், அங்க போய் அழ ஜாதி மதம் பாக்காம ஜனங்க வர்றதுக்கும் இது ஒரு காரணம்னு நினைக்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்தவகிட்டதான் பறிகொடுத்தவ போய்ப் பேசுவா.

அழுகைக்கு இடம் கொடுக்கிறது நமக்கு ஒண்ணும் புதுசு இல்லை. ஒப்பாரிக்குன்னு தனி இலக்கியமே வச்சிருக்கிற மொழி நம்மளது. எங்க திருவொற்றியூர் கடலோரம் பட்டினத்தார் சமாதி இருக்கு. எல்லாத்தையும் துறந்த மனுஷன், தாய் செத்தப்ப வந்து கொள்ளி வச்சு, பாட்டுப் பாடி உருகினவர். துறவிக்கே அழ உரிமை உண்டுங்கிற ஊர்ல, பண்டிகை நாள்ல ஒரு விதவை அழக் கூச்சப்பட வேண்டி இருக்கிறதுதான் விநோதம்.

கடலோர ஜனங்க இதைப் பண்டிதர்களைவிட நல்லாப் புரிஞ்சு வச்சிருக்காங்க. 2017ல ஒக்கி புயல்ல ஆழ்கடலுக்குப் போனவங்க திரும்பாதப்ப, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைன்னு குமரிக் கடலோர ஊர்கள்ல அந்தக் கிறிஸ்மஸைக் கொண்டாடலை. கோயில் இருந்துச்சு, பூசை இருந்துச்சு, ஆரவாரம் மட்டும் இல்லை. காசிமேட்டுல ஒவ்வொரு டிசம்பர் 26ம் ஜனங்க கடல்ல பால் ஊத்தி, பூ தூவுறாங்க. 2024ல இருபது வருஷம் ஆயிடுச்சு. இன்னும் நிறுத்தலை.

எண்ணூர்ல 2023 கிறிஸ்மஸ் எப்படி இருந்துச்சு தெரியுமா? மிக்ஜாம் வெள்ளத்தோட மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்துல இருந்து எண்ணெய் அடிச்சுக்கிட்டு வந்து, கழிமுகம் முழுக்கப் படிஞ்சது. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு. மீன் பிடிக்கப் போக முடியலை. அந்த நிலைமையிலேயே கிறிஸ்மஸ் வந்து போச்சு. அடுத்த நாள், சரியா சுனாமி நினைவு நாள், டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்குறப்ப, பெரியகுப்பம் பக்கம் உர ஆலைக்குப் போற கடலடிக் குழாய்ல அம்மோனியா கசிஞ்சது. மூச்சுத் திணறிக்கிட்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு, ஜனங்க திரும்பவும் ராத்திரியில ஓடினாங்க. பலரை ஆஸ்பத்திரியில சேர்க்க வேண்டியதாப் போச்சு. எகிப்துக்கு ஓடின கதை எங்க பக்கத்து ஆளுங்களுக்கு விளக்கவுரை இல்லாமலே புரியும்.

இந்த டிசம்பர்ல நட்சத்திரம் தொங்காத வீடு ஒண்ணு உங்க தெருவிலயும் இருக்கலாம். "பண்டிகை அதுவுமா அழாதீங்க"ன்னு சொல்ல வாய் வந்தா கொஞ்சம் அடக்கிக்கோங்க. அழுகையும் இந்தப் பண்டிகையோட பங்குதான், காலண்டர்லயே அதுக்கு ஒரு தேதி இருக்கு. தூக்குல நாலு பலகாரம் கொண்டுபோங்க. அந்தப் பாட்டி மாதிரி பக்கத்துல உக்காருங்க. அது போதும்.

உங்க ஊர்ல துக்க வீட்டுக்கு வர்ற முதல் பண்டிகையை எப்படிக் கழிப்பாங்க? எந்த மதமா இருந்தாலும் சரி, தெரிஞ்சவங்க எழுதுங்க மக்களே. இந்த மாதிரி வழக்கமெல்லாம் எங்கயாவது பதிவாகி இருக்கணும்.